சோஃபி ஜெர்மேன் பட்டம் பெற்றவர் அல்லர்

"சோஃபி ஜெர்மேன் ஆண் வேடமிட்டு பாரிஸின் எகோல் பாலிடெக்னிக்கில் படித்துப் பட்டம் பெற்றார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. பிரெஞ்சுக் கணிதவியலாளரான அவர் வேடமிட்டு வகுப்பில் உட்காரவும் இல்லை, பட்டம் பெறவும் இல்லை.

1794இல் அந்தக் கல்லூரி தொடங்கியபோது அவருக்கு வயது 18. பெண்களுக்கு அங்கே இடமில்லை. அந்தக் கதவு திறந்ததே 1972இல்தான். விரிவுரைக் குறிப்புகளை வரவழைத்து வீட்டிலேயே படித்தார். லெப்லாங்க் என்ற மாணவரின் பெயரில், அங்கே கற்பித்த கணிதவியலாளர் லக்ராஞ்சுக்குத் தம் கட்டுரையை அனுப்பினார். மறைந்திருந்தது பெயரில் மட்டும்தான். அதே பெயரில்தான் 1804 முதல் ஜெர்மானியக் கணிதவியலாளர் காஸுக்கும் கடிதம் எழுதினார். அது ஒரு பெண் என்று 1807இல் தெரிந்ததும், எத்தனையோ தடைகளை மீறி இவ்வளவு தூரம் வந்த துணிவையும் திறமையையும் காஸ் மனமாரப் பாராட்டி எழுதினார்.

1816இல், மூன்றாவது முயற்சியில், மீள்தன்மையுள்ள பரப்புகளின் அதிர்வு பற்றிய ஆய்வுக்கு அறிவியல் அகாடமியின் பரிசு கிடைத்தது. (அந்தக் கணக்கில் குறைகள் இருந்தன என்பதும் உண்மை.) ஆனால் 1831இல் இறக்கும்வரை எந்தப் பல்கலைக்கழகப் பதவியும் அவருக்குக் கிடைக்கவில்லை. பட்டம் கொடுத்ததாகச் சொன்னால், அவருக்கு அதை மறுத்தவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள்.