கரைச்சுவரையும் கணக்கில் சேருங்கள்

பினாங்கில் பாரம்பரியம் என்று பேச்செடுத்தால் எல்லாரும் அண்ணாந்துதான் பார்க்கிறோம். கோவில் கோபுரம், பள்ளிவாசல் மினாரா, மணிக்கூண்டு, கடைவீடுகளின் மாடிச் சன்னல். கீழே, தண்ணீர் வந்து மோதும் இடத்தில் நிற்கிற கற்சுவரை யாரும் பொருட்படுத்துவதில்லை. எனக்கு இது நெடுநாள் ஆதங்கம். ஆற்றுமுகத்திலும் கடலோரத்திலும் மிஞ்சியிருக்கும் பழைய கரைச்சுவர்களை நடைபாதையின் விளிம்பாக எண்ணாமல், தனிச் சின்னங்களாகவே பதிவு செய்து காக்க வேண்டும் என்பது என் கட்சி.

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனே கரை கட்டிக் கட்டி வளர்ந்த ஊர். ஒரு காலத்தில் பீச் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளின் பின்வாசலில் கடல் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ கரையை உண்டாக்கினார்கள். சர்ச் ஸ்ட்ரீட், சைனா ஸ்ட்ரீட், சூலியா ஸ்ட்ரீட் எல்லாம் அப்புறம்தான் நீண்டு போய்ப் புதுக்கரையைத் தொட்டன. 2008-இல் யுனெஸ்கோ மலாக்காவோடு சேர்த்து நம் ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது, மலாக்கா நீரிணையின் வாணிப நகரம் என்பதற்காகத்தான். வாணிபம் நடந்தது மாடிச் சன்னலில் அல்ல, கரையில்.

ஊர் நடுவில் உயர்ந்து நிற்கும் கொம்தார் கட்டடத்துக்குப் பக்கத்தில் சியா போய் இருக்கிறது. பழைய பிராங்கின் கால்வாய் வழியாகச் சரக்குப் படகுகள் உள்ளே வந்து சந்தையில் இறக்கிப் போன இடம். 2015-இல் அங்கே தோண்டியபோது கால்வாயின் பழைய கற்கரை மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. போக்குவரத்து முனையம் வரவிருந்த இடம் அது. திட்டத்தை மாற்றி, 2019-இல் தொல்லியல் பூங்காவாகத் திறந்தார்கள். சாயங்காலம் குடும்பம் குடும்பமாக வந்து அந்தக் கல்லோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். மனசு வைத்தால் நம்மால் செய்ய முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

"கல்லை அடுக்கி வைத்திருக்கிறார்கள், இதில் என்ன பாரம்பரியம்?" என்று ஒரு நண்பர் கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். கரைச்சுவருக்குத் தண்ணீரைத் தடுப்பது சின்ன வேலை. பின்னால் இருக்கும் மண்ணைத் தாங்குவதுதான் பெரிய வேலை. கடல் ஏறி நிற்கும்போது வெளியே உள்ள நீரே சுவருக்கு முட்டுக் கொடுக்கிறது. வற்றும்போது அந்த முட்டு போய்விடும். மண்ணில் ஊறிய நீரோ அவ்வளவு சீக்கிரம் வடியாது. சுவரை வெளியே தள்ளும் விசை அந்த நேரத்தில்தான் அதிகம். பழைய கொத்தனார்கள் இதைத் தெரிந்தே கட்டினார்கள். சுவர் கரைப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். அடி தடித்திருக்கும். முதுகுப்பக்கம் உடைகல் போட்டு நிரப்பி, நீர் கசிந்து வெளியேறத் துளை விட்டிருப்பார்கள். இணைப்புக்கு வைத்த சுண்ணாம்புக் காரை கல்லைவிட மென்மையானது. உப்பும் ஈரமும் அரித்தால் காரைதான் தேயும், கல் தப்பிக்கும். காரையைத் திரும்பப் பூசிக்கொள்ளலாம்.

இதை அறியாமல் நல்ல எண்ணத்தோடு சிமெண்டால் இடுக்கை அடைக்கிறார்கள். உள்ளே நீர் தேங்குகிறது, உப்பு கல்லுக்குள் ஏறுகிறது, சில வருஷத்தில் கல்முகம் செதில் செதிலாக உதிர்கிறது, சுவர் வயிறு தள்ளுகிறது. அதன்பிறகு "பழசு, ஆபத்து" என்று இடிக்கச் சொல்கிறார்கள். நூறு வருஷம் தாங்கியதைக் கெடுத்தது பழுதுபார்ப்புதான். இதைப் பார்க்க எனக்குக் கோபம்தான் வருகிறது.

கவனிக்காமல் விட்டாலும் கேடுதான். ஆம்ஸ்டர்டாமில் 2020 செப்டம்பரில் கிரிம்பர்க்வால் என்ற இடத்தில் கால்வாய்க் கரை திடீரென்று சரிந்து விழுந்தது. அந்த நகரம் இப்போது சுமார் 200 கிலோமீட்டர் கரைச்சுவரைச் சோதித்துப் பழுதுபார்க்கும் வேலையில் இறங்கியிருக்கிறது. மரக்கழிகளின் மேல், கைவண்டிக்கும் குதிரைவண்டிக்கும் கட்டிய கரை. அதன் மேல் கனரக லாரி ஓடினால் எத்தனை நாள் தாங்கும்? வெல்ட் கீயில் ஓடும் பேருந்துகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செய்தி நினைவுக்கு வரும்.

நமக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். தொங்காங் என்ற சரக்குப் படகிலிருந்து கரைக்குப் போட்ட பலகையில் அரிசியும் கொப்பரையும் ரப்பரும் தோளில் ஏற்றி நடந்தவர். அவரைப் போன்றவர்கள் கும்பிட்ட குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோவில் 1833-இலிருந்து நிற்கிறது, அதற்கு மரியாதை கிடைக்கிறது, மகிழ்ச்சி. அவர்கள் உழைத்த இடம் எங்கே? அவர்கள் பெயரில் மாளிகை இல்லை, தெரு இல்லை. கயிறு உராய்ந்த கல்லும், படகு கட்டிய வளையமும், பாசி பிடித்த படிகளும்தான் அவர்கள் கைபட்டது, கால்பட்டது. அதையும் பெயர்த்தெடுத்துவிட்டால் பேரப்பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?

பூம்புகார் பக்கம் கீழையூரில் செங்கல் படகுத்துறையும் படகு கட்டிய மரக்கம்பங்களும் கிடைத்ததை நாம் பெருமையாகப் பேசுகிறோம். கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில், சுங்கை பத்துவில் பழைய ஆற்றுத்துறையின் செங்கல் மேடைகளைப் பார்க்கப் பேருந்து வைத்துப் போகிறோம். ஆனால் அதே பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டியை, அதாவது பழங்கோவில் இடிபாட்டை, 2013-இல் இடித்துத் தள்ளியதும் நமக்குத் தெரியும். அது அரசிதழில் அறிவிக்கப்படாத இடம். 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் இருந்தும் பயனில்லாமல் போனது. பதிவில் இல்லாத சுவருக்கும் அந்தக் கதிதான் நேரும்.

உலகப் பட்டியலில் இருக்கிறோம், யார் தொடுவார்கள் என்ற தைரியமும் வேண்டாம். மெர்சி ஆற்றின் துறைமுகமான லிவர்பூல் 2004-இல் பட்டியலில் ஏறியது. கரையோரத்தில் எழுப்பிய புதுக் கட்டுமானங்களால் 2021-இல் பட்டியலில் இருந்த இடத்தை இழந்தது.

கடல் மட்டம் உயர்கிறதே, பழைய சுவர் போதுமா என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். தேவைப்பட்ட இடத்தில் பின்பக்கமாகப் புதிய தாங்குசுவர் கட்டலாம், பழைய முகத்தைக் கலைக்காமல். என்னால் ஒப்புக்கொள்ள முடியாதது, எல்லாவற்றையும் வாரி எறிந்துவிட்டுக் கான்கிரீட்டின் மேல் கல் மாதிரி மெல்லிய ஓடு ஒட்டும் வேலை.

முதலில் அளந்து பதிவு செய்ய வேண்டும்: எந்தச் சுவர், எத்தனை நீளம், எந்தப் படி, எந்த வளையம் என்று. அதற்குப் பழைய படங்கள் உதவும். உங்கள் வீட்டு ஆல்பத்தில் தாத்தாவோ பாட்டனோ துறைமுகத்தில் நிற்கிற படம் இருந்தால், முகத்தை மட்டும் வெட்டாமல், காலடியில் தெரியும் கரையோடு முழுசாக ஸ்கேன் செய்து வையுங்கள். எந்த வருஷம், எந்தக் கரை என்று தெரிந்தவர்களிடம் இப்போதே கேட்டுப் பின்னால் எழுதிவிடுங்கள். இந்தப் பதிவின் கீழே போட்டாலும் சரி, எனக்குத் தனியாக அனுப்பினாலும் சரி, நான் ஒழுங்குபடுத்திச் சேர்த்து வைக்கிறேன்.