வேளாண்மையில் தேடுவதா, வரலாற்றில் தேடுவதா?

நேற்று இரவு இரண்டரை மணி நேரம் வீணாகப் போனது. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்படுவதற்கு முன்னால் தஞ்சாவூர்ப் பக்கம் நெல்லுக்கு எப்படித் தண்ணீர் பாய்ச்சினார்கள் என்று அந்தக் காலத்திலேயே அச்சான நூல் ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். ஒரு மின்நூலகத்தில் 'நெல்' என்று தட்டினேன். நெல்லிக்காய் மருத்துவம் வருகிறது, நெல்லை வரலாறு வருகிறது, சின்னப் பிள்ளைகளின் பாட்டுப் புத்தகம்கூட வருகிறது! சரி என்று 'நெல் பாசனம் தஞ்சை' என்று தட்டினால் ஒன்றுமே இல்லை, ஏனென்றால் நூலின் தலைப்பில் 'தஞ்சாவூர் ஜில்லா' என்று இருந்தால் 'தஞ்சை' என்று தேடுகிறவனுக்கு அது கிடைக்காதாம்.

பிரிவு வாரியாகப் பார்க்கலாம் என்று போனால் ஒரு நூலுக்கு ஒரே பிரிவுதான். பாசன நூலை வேளாண்மையில் போட்டார்களா, வரலாற்றிலா, பொறியியலிலா? அதைப் பதிந்தவர் மனதில் என்ன ஓடியது என்று நான் ஊகிக்க வேண்டுமா? இதில் எனக்கு வயிறு எரிவது எதற்கென்றால், ஒவ்வொரு நூலின் பக்கத்திலும் ஆண்டு இருக்கிறது, அச்சான ஊர் இருக்கிறது, யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டியிருக்கிறார்கள். அந்த உழைப்பை வைத்துத் தேடலைச் சுருக்க ஒரு வழி வைக்கவில்லை. புடவை விற்கிற தளத்தில் நிறம், துணி, விலை, கரை என்று நான்கு பக்கமும் சொல்லிச் சலித்து எடுக்க முடிகிறதே!

இதை உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தவரே நம் சீர்காழிக்காரர், அதுவும் அன்றைய தஞ்சாவூர் ஜில்லாதான். எஸ்.ஆர். ரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்தவர், 1933இலேயே நூல்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டுவிட்டார். ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் அடைக்காதே, அது எதைப் பற்றியது, அதில் என்ன செயல் நடக்கிறது, எந்த இடம், எந்தக் காலம் என்று தனித்தனி முகங்களாகப் பிரித்து, பிறகு சேர்த்துக்கொள் என்றார். என் தேடல் அப்படியே அதுதான்: நெல், பாசனம், தஞ்சாவூர், 1934க்கு முன். தஞ்சை என்றாலும் தஞ்சாவூர் என்றாலும் இடம் என்ற முகத்தில் ஒரே பெயராகக் கட்டிவிட்டால் போதும், எழுத்து மாறியதால் நூல் தொலையாது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று 1931லேயே விதியாக எழுதி வைத்த மனிதர் அவர்.

ஆயிரக்கணக்கான பக்கங்களை ஸ்கேன் செய்யக் கை இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் இடம், ஆண்டு, பொருள் என்று மூன்று சல்லடை வைக்க மட்டும் ஆள் இல்லையா? இருக்கிற நூலை இல்லை என்று சொல்லி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பீர்கள்?