பீரோவுக்குள் இருந்த மஞ்சள் பை

2011ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் என் அப்பா தம் 57ஆவது வயதில் மாரடைப்பால் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு பீரோவை ஒழுங்குபடுத்தியபோது, அவருடைய வேட்டிகளுக்கு அடியில் ஒரு துணிக்கடை மஞ்சள் பை நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குள் நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய இரத்தப் பரிசோதனைச் சீட்டு ஒன்று, நகைக்கடன் ரசீதுகள் இரண்டு, நண்பர் ஒருவரின் கடனுக்கு அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்த தாளின் நகல், ஓர் ஆயுள் காப்பீட்டு பாலிசி ஆகியவை இருந்தன. சீட்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 214 என்று எழுதியிருந்தது. ரசீதுகளில் இருந்தவை, வங்கி லாக்கரில் பத்திரமாக இருப்பதாக அம்மா நம்பிக்கொண்டிருந்த வளையல்கள். பாலிசியின் வாரிசுதாரர் (நாமினி) இடத்தில் 1996இலேயே இறந்துபோன என் பாட்டியின் பெயர் இருந்தது.

அம்மா அந்த ரசீதுகளை வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "கேட்டிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பனே" என்று மட்டும் சொன்னார். வளையல் போனதைவிட, முப்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்த தன்னிடம் அவர் அதைச் சொல்லவில்லை என்பதே அம்மாவுக்கு வலித்தது.

என் அப்பா பொறுப்பற்றவர் அல்லர். குடிக்காதவர், மில் வேலைக்கு ஒரு நாளும் தாமதமாகப் போகாதவர். வீட்டில் யாரும் கவலைப்படக் கூடாது என்பதற்காகவே அவர் எல்லாவற்றையும் அந்தப் பைக்குள் போட்டு வைத்தார். நம் வீட்டு ஆண்கள் பலரிடமும் இந்தப் பை இருக்கிறது என்பதையும், ஆண்களின் முன்னேற்றம் என்று பேசப்படும் உடல்நலம், உறவு, பணம், வாழ்வின் நோக்கம் ஆகிய நான்கிலும் நாம் முதலில் செய்ய வேண்டியது அந்தப் பையைத் திறந்து வீட்டில் இருப்பவர்களிடம் காட்டுவதுதான் என்பதையும் சொல்லவே இந்தப் பதிவு.

இன்று ஆண்களுக்கான அறிவுரைக் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. விடியற்காலை நாலரைக்கு எழச் சொல்கிறார்கள், குளிர்ந்த நீரில் குளிக்கச் சொல்கிறார்கள், யாரையும் நம்பாமல் இறுகி நிற்கச் சொல்கிறார்கள். முதல் இரண்டில் எனக்கு எந்த மனத்தடையும் இல்லை. மூன்றாவதை நான் முழுமையாக மறுக்கிறேன். இறுகி நிற்பது எப்படி என்று நம் ஆண்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. என் அப்பா அதில் தேர்ந்தவராகத்தான் இருந்தார்.

வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தாலே நீரிழிவு என்று மருத்துவம் வரையறுக்கிறது. 214ஐப் பார்த்த பிறகும் அப்பா வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசி வாரத்தில் நெஞ்சு கனமாக இருப்பதாகச் சொன்னார். வாயுத் தொல்லை என்று அவரே முடிவு செய்து ஓமத் தண்ணீர் குடித்தார். பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட சர்க்கரை நரம்புகளைப் பாதிப்பதால், மாரடைப்பு வரும்போதுகூடச் சிலருக்குக் கடுமையான நெஞ்சுவலி தெரியாது என்பது எங்களுக்குப் பின்னர்தான் தெரிந்தது. அவருக்குச் சர்க்கரை இருப்பதை நாங்கள் அறிந்திருந்தால் அந்த ஓமத் தண்ணீரை அன்றே நிறுத்தி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருப்போம்.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் முந்தைய கட்டத்தில் இருப்பதாகவும் மதிப்பிட்டது. அந்த முந்தைய கட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். 2019இல் என் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்தது, 6.5 வந்தால் நோய். அந்தச் சீட்டை நான் என்ன செய்தேன் தெரியுமா? மடித்து அலுவலகப் பையின் உள்ளறையில் வைத்து, பதினொரு நாள் யாரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டு திரிந்தேன். பன்னிரண்டாம் நாள் பேருந்தில் பையைத் திறந்தபோது அது கையில் தட்டுப்பட்டது. அப்பாவின் மஞ்சள் பை நினைவுக்கு வந்து உடல் நடுங்கியது. அன்று இரவே மனைவியிடம் கொடுத்தேன். அவர் திட்டவில்லை, அழவும் இல்லை. மறுநாளிலிருந்து எங்கள் வீட்டு இரவு உணவு ஏழரை மணிக்கு மாறியது, என் தட்டில் சோறு பாதியாகிக் காயும் சுண்டலும் கூடின, சாப்பிட்டபின் இருவரும் அரை மணி நேரம் நடந்தோம். ஓராண்டில் 5.6க்கு இறங்கியது. நடையும் உணவும் எல்லாருக்கும் தெரிந்த மருந்துதான். நான் தனியாக இருந்தால் பத்து நாளில் கைவிட்டிருப்பேன் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். நாற்பதைத் தொட்ட ஆண்கள் ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமில்லாமல் பார்க்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் நம் நாட்டு ஆண்களுக்கு அதுவே ஓர் எச்சரிக்கை.

பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் அதிகமாக மறைப்பது அங்கேதான். எங்கே முதலீடு செய்வது என்று நண்பர்களிடம் மணிக்கணக்கில் பேசுகிறவர்கள், தங்கள் கடன் எவ்வளவு என்று மனைவியிடம் ஒரு நிமிடம் பேசுவதில்லை. பாட்டியின் பெயர் மாற்றப்படாததால் அம்மா வாரிசுச் சான்றிதழுக்காகத் துக்கத்தோடு வட்டாட்சியர் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கினார். ஒரு படிவத்தில் ஒரு கையெழுத்து போட்டிருந்தால் அந்த அலைச்சல் இருந்திருக்காது. ஜாமீன் கையெழுத்தும் அப்படித்தான்: 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு, அவர் இறந்தாலும், அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்கு அது குடும்பத்தைத் தொடரும். நட்புக்காகப் போடும் கையெழுத்தை மனைவிக்குத் தெரியாமல் போடுவதற்கு நமக்கு எந்த நியாயமும் இல்லை.

அதேபோல, 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம் நம்மில் பலர் கேள்விப்படாத ஒன்று. காப்பீடு எடுக்கும்போதே அந்தச் சட்டத்தின் கீழ் மனைவி, பிள்ளைகளின் நன்மைக்காக என்று குறிப்பிட்டு எடுத்தால், கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கம் இல்லாதவரை, நாளைக்கு நமக்குக் கடன் இருந்தாலும் அந்தத் தொகையின் மேல் அவர்கள் கைவைக்க முடியாது. தொழில் செய்கிறவர்களும் கடன் வாங்கி வீடு கட்டியவர்களும் இதை முகவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். நான் என் காப்பீட்டை அப்படித்தான் எடுத்தேன். அதோடு ஒரு கோடு போட்ட நோட்டும் வாங்கினேன். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் உட்கார்ந்து வரவு, கடன், கைமாற்று, சீட்டுப் பணம் எல்லாவற்றையும் அதில் எழுதுகிறோம். முதல் மாதம் கிரெடிட் கார்டு பாக்கியை எழுதும்போது என் கை ஓடவில்லை.

உறவைப் பொறுத்தவரை, நம் வீடுகளில் அப்பாவும் மகனும் அம்மா வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். நானும் என் அப்பாவும் அப்படியே வாழ்ந்து முடித்தோம். என் மகனுக்கு இப்போது பதினான்கு வயது. நேருக்கு நேர் உட்கார வைத்துக் கேட்டால் அவன் எதுவும் சொல்வதில்லை. டியூஷனுக்கு வண்டியில் அழைத்துப் போகும்போது, என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்கிறான். அதனால் கணக்கு டியூஷன் பக்கத்துத் தெருவுக்கு மாறிய பிறகும், நான் சுற்று வழியாகத்தான் அழைத்துப் போகிறேன்.

நண்பர்களிடமாவது மனம் திறக்கிறோமா என்றால், பலருக்கு அதற்கு மதுக்கடை தேவைப்படுகிறது. மறுநாள் காலையில் சொன்னவரும் கேட்டவரும் அதை மறந்ததுபோல் இருந்துவிடுகிறார்கள். 2022இல் நம் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் 1,22,000க்கும் மேற்பட்டோர் ஆண்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் தங்கள் பையை யாரிடமும் காட்டாமலே போனார்களோ என்று நினைக்கும்போது நெஞ்சு அடைக்கிறது. இதைப் படிக்கும் யாருக்காவது இப்போது அப்படி ஒரு பாரம் இருந்தால், வீட்டில் சொல்ல முடியாவிட்டாலும் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அரசின் மனநல உதவி எண் அது. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

வாழ்வின் நோக்கம் குறித்து என்னிடம் பெரிய தத்துவம் இல்லை. என் சித்தப்பா மில்லில் மோட்டார் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்றபின் ஆறு மாதம் வாசல் திண்ணையில் செய்தித்தாளை வைத்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் இருந்தார். ஒரு நாள், "நான் எதுக்கும் ஆகாதவனாயிட்டனோன்னு இருக்குது" என்று சித்தியிடம் சொல்லிவிட்டார். சித்தி அடுத்த வாரமே பக்கத்து வீட்டு ஐடிஐ பையனை அழைத்து வந்து உட்கார வைத்தார். இப்போது சனிக்கிழமைகளில் ஐந்தாறு பையன்கள் அவர் திண்ணையில் உட்கார்ந்து பம்பு செட்டு மோட்டாருக்குக் கம்பிச்சுருள் (காயில்) கட்டப் பழகுகிறார்கள். செப்புக் கம்பியைச் சுற்றும்போது அவர் விரல்கள் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடுகின்றன.

சென்ற மாத முதல் ஞாயிறு நோட்டைத் திறந்தபோது, என் மனைவி முன்கூட்டியே ஒரு வரி எழுதி வைத்திருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எனக்குத் தெரியாமல் தன் தம்பிக்குக் கொடுத்த பதினைந்தாயிரம் ரூபாய் அது. நான் கோபிப்பேன் என்று பயந்து இத்தனை நாள் சொல்லவில்லை என்றார். அன்று இரவு நாங்கள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.