சென்சாரை மாற்றும் முன் சீட்டுக்கு அடியில் பாருங்கள்
ஏர்பேக் விளக்கு விடாமல் எரிந்தால் சீட் சென்சார் (சீட்டில் ஆள் இருப்பதை உணரும் கருவி) போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குமுளியிலிருந்து போடிக்கு ஏலக்காய் மூட்டை கொண்டுவரும் எங்கள் காரில் முன் சீட்டை அடிக்கடி முன்னும் பின்னும் தள்ளுவோம், அடியில் தார்ப்பாய், கயிறு எல்லாம் கிடக்கும். விளக்கு எரிந்ததும் சர்வீஸ் சென்டரில் சென்சாரையே மாற்றச் சொன்னார்கள். கம்பத்தில் ஒரு எலக்ட்ரீஷியன் காரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்தார். சீட்டுக்கு அடியில் இருக்கும் ஏர்பேக் வயர்களின் மஞ்சள் பிளக் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். அதை அழுத்திப் பொருத்தி, பதிவாகியிருந்த கோளாறை ஸ்கேனரிலேயே அழித்தார், அப்புறம் விளக்கு எரியவில்லை. மேலே கருத்து எழுதிய ஒருவர் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் போதும் என்கிறார். தயவுசெய்து அதை நம்பாதீர்கள், கோளாறு சரியாகாதவரை விளக்கு திரும்ப வரும். பேட்டரியைக் கழற்றுவது பிளக்கைத் தொடும் முன் பாதுகாப்புக்காக; கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும், சில நிமிடம் காத்திருக்க வேண்டும். ஏர்பேக் வயர்களில், மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லேம்ப் வைக்கவே கூடாது, ஏர்பேக் வெடித்து விரிந்துவிடலாம். அதற்காக ஏர்பேக் விளக்கு எரிந்தபடியே மலைப்பாதையில் ஓட்டவும் வேண்டாம், மோதினால் ஏர்பேக் விரியாமலே போகலாம். பணம் கட்டும் முன் ஸ்கேனரில் வந்த கோளாறு எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.