எட்டு மணி நேரமும் சாகசம் கிடையாது

மேலே ஒருவர், “ஒரு நாள் காட்டுச் சாகசப் பயணத்தில் எட்டு மணி நேரமும் ஜிப்லைன் (உயரத்தில் கட்டிய கம்பியில் தொங்கியபடி சறுக்கிப் போவது), கயிற்றில் இறங்குவது, குகை நீச்சல்தான், யார் வேண்டுமானாலும் போகலாம்” என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

அந்த எட்டு மணி பெரும்பாலும் வண்டியில் ஏற்றுவதிலிருந்து திரும்ப இறக்கிவிடும் வரையான கணக்கு. போக்குவரத்து, சாப்பாடு, பாதுகாப்பு விளக்கம், ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் கட்டும் பாதுகாப்புப் பட்டை) மாட்டுவது எல்லாம் அதற்குள் அடக்கம். ஜிப்லைனில் ஒரு கம்பியைக் கடக்கப் பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட ஆகாது. நம் முறை வருவதற்குத்தான் நேரம் பிடிக்கும்.

அப்புறம், எடைக்கு மேல் வரம்பு மட்டுமல்ல, பல இடங்களில் கீழ் வரம்பும் உண்டு. ரொம்ப இலேசான ஆள் வேகம் போதாமல் கம்பியின் நடுவிலேயே நின்றுவிடலாம். வழிகாட்டி போய் இழுத்துவர வேண்டும். சிறு குழந்தைகளை வழிகாட்டியோடு சேர்த்து அனுப்புவதற்கு இதுவும் ஒரு காரணம். கர்ப்பிணிகளையும் முதுகு, இதயப் பிரச்சினை உள்ளவர்களையும் பொதுவாகச் சேர்ப்பதில்லை. பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

லேசான மழைக்குப் பெரும்பாலும் நிறுத்த மாட்டார்கள், இடி மின்னலுக்கு நிறுத்துவார்கள். குட்டை டிரவுசர் வேண்டாம், ஹார்னஸ் பட்டை தொடையை உரசி எடுத்துவிடும். விலங்குகளைப் பார்க்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள். நாம் போடும் கூச்சலுக்கு எது பக்கத்தில் வரும்?