முடிவு எடுக்கப்பட்டுள்ளது; எடுத்தவர் யார்?

ஆண்டிறுதி விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி வாக்கில், 'பேரன்ட்ஸ் கேட்வே' செயலி வழியாக சிங்கப்பூரில் என் மகள் படிக்கும் தொடக்கப்பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பள்ளி உணவகத்தில் உள்ள இந்திய உணவுக் கடை அடுத்த ஆண்டு முதல் இயங்காது என்றும், "கவனமான பரிசீலனைக்குப் பின் இம்முடிவு எடுக்கப்பட்டுள்ளது" என்றும் அதில் இருந்தது. இட்லியும் தோசையும் போய்விட்டனவே என்று புலம்ப நான் வரவில்லை. சைவம் மட்டும் சாப்பிடும் பிள்ளைக்கு வீட்டிலிருந்து டப்பாவில் கட்டிக் கொடுக்கலாம், கொடுத்துக்கொண்டும் இருக்கிறேன். என்னை உறுத்துவது அந்த ஒரு வாக்கியம்.

பள்ளியில் தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குத் தோன்றா எழுவாய் நினைவிருக்கும். "வந்தேன்" என்று மட்டும் சொன்னால் போதும், வந்தவர் யார் என்பதை விகுதி காட்டிக் கொடுத்துவிடும். "முடிவு எடுக்கப்பட்டுள்ளது" என்பதில் அந்த வசதியும் இல்லை. முடிவு எழுவாயாகிவிட்டது, அதை எடுத்த வினைமுதல் வாக்கியத்தை விட்டே வெளியேறிவிட்டது. கடிதத்தை மூன்று முறை படித்தும் எடுத்தவர் யார், எப்போது எடுத்தார், வேறு என்ன வழிகளைப் பரிசீலித்தார் என்பது எனக்குப் புலப்படவில்லை.

பெற்றோர் ஆதரவுக் குழுவில் இருக்கும் தோழியிடம் கேட்டேன். "அக்கா, எங்களுக்கே லெட்டர் வந்த அன்னைக்குத்தான் தெரியும்" என்றார். கடைக்கார அம்மாவிடம் கேட்டபோது, கல்லை வழித்துக்கொண்டே, "எனக்கு மூணு வாரத்துக்கு முன்னாடி சொன்னாங்கம்மா, ஏன்னு நான் கேட்கல" என்றார். அலுவலகத்தில் கேட்டேன், நிர்வாகம் என்றார்கள். நிர்வாகம் என்றால் யார் என்று கேட்டதற்கு, கருத்துகளை மின்னஞ்சலில் அனுப்பலாம் என்று பணிவாகச் சொன்னார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் மறுப்புகூட மரியாதையாகவே வரும்.

சிங்கப்பூரில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியங்கள் கிடையாது. அரசாங்கப் பள்ளியின் முதல்வர் கல்வி அமைச்சுக்குப் பதில் சொல்பவர். அவருக்குத் துணையாக ஒரு பள்ளி ஆலோசனைக் குழு இருக்கிறது. அரசாங்க உதவிபெறும் பள்ளிகளில் நிர்வாகக் குழு உண்டு. 1988இல் மூன்று பள்ளிகளுடன் தொடங்கிய சுயேச்சைப் பள்ளிகளில் ஆளுநர் குழு இருக்கிறது. கட்டணம் வரைக்கும் முடிவு செய்யும் அதிகாரம் அதற்கு உண்டு. இந்த ஏற்பாட்டை நான் குறைகூறவில்லை. என் மகளின் பள்ளி இணையத்தளத்தில் ஆலோசனைக் குழு உறுப்பினர்களின் படங்கள் அழகாக இருக்கின்றன. அவர்கள் இந்த ஆண்டு எத்தனை முறை கூடினார்கள், எதைப் பற்றிப் பேசினார்கள் என்பதற்கு அங்கே ஒரு வரிகூட இல்லை.

உணவகக் கடை சிறிய விஷயம்தான். பெரிய விஷயங்களிலும் இதே பழக்கம் தொடர்வதால்தான் இதை எழுதுகிறேன். 2017 ஏப்ரலில் 28 பள்ளிகள் 2019இல் இணைக்கப்படும் என்று கல்வி அமைச்சு அறிவித்தது. அவற்றில் எட்டு தொடக்கக் கல்லூரிகளும், அதாவது பல்கலைக்கழகத்திற்கு முந்திய படிப்புக்கான கல்லூரிகளும், அடங்கும். தொடக்கக் கல்லூரிகள் இணைக்கப்பட்டது அதுவே முதல் முறை. அப்படித்தான் ஆண்டர்சன் சிராங்கூன், ஜூரோங் பயனியர், தெம்பனிஸ் மெரிடியன், ஈசூன் இன்னோவா என்ற இரட்டைப் பெயர்கள் பிறந்தன. பிறப்பு விகிதம் சரிந்ததால் மாணவர் எண்ணிக்கை குறைகிறது என்ற காரணத்தை எவரும் மறுக்கவில்லை; கணக்குத் தெரிந்தவர்களுக்கு அது புரிந்தது. ஆனால் ஏன் இந்த எட்டு, ஏன் மற்றவை இல்லை என்ற கேள்வி நாடாளுமன்றம் வரை சென்றது. அமைச்சு பதில் சொன்னது. எனினும் அந்தப் பதில் அறிவிப்புக்குப் பிந்திய பதில். எந்தெந்தக் கல்லூரிகள் பரிசீலனையில் இருக்கின்றன, எந்த அளவுகோலைக் கொண்டு தெரிவு செய்யப்போகிறார்கள் என்பது முன்பே வெளியாகியிருந்தால், சீருடையையும் பெயரையும் இழந்த மாணவர்கள் அதே முடிவை வேறு மனநிலையில் ஏற்றிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

வெளிநாட்டு நடைமுறைகளை எடுத்துக்காட்டினால் "இது சிங்கப்பூர்" என்று சிலர் வருவார்கள், தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1953இல் இயற்றப்பட்ட பிரவுன் சட்டத்தின்படி, பள்ளி வாரியம் தன் வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்திற்கு முன்பே பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அதில் இல்லாத விஷயத்தில், சில விதிவிலக்குகள் தவிர, முடிவு எடுக்கக் கூடாது. ஊழியர் நியமனம், வழக்கு போன்றவற்றைக் கதவை மூடிக்கொண்டு பேசலாம். ஆனால் உள்ளே எடுத்த முடிவுகளில் சட்டம் குறிப்பிடுபவற்றை, யார் எப்படி வாக்களித்தார் என்பதோடு வெளியே வந்து சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி நிபந்தனை. இரகசியம் தேவைப்படும் இடம் உண்டு என்பதை அது ஒப்புக்கொள்கிறது. இரகசியத்திற்கு ஒரு வாசலும் வைக்கிறது. இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் என்கிறது. அங்கே 2005 முதல் தகவல் உரிமைச் சட்டமும் இருக்கிறது. நடைமுறையில் எத்தனை ஊர்களில் அது ஒழுங்காக நடக்கிறது என்பது வேறு கதை. ஆனாலும் அங்குள்ள ஒரு தகப்பன் கேட்டுப் பெறக்கூடிய தாளை இங்கே நான் உரிமையோடு கேட்க முடியாது, ஏனெனில் தகவல் உரிமைக்கென்று நம்மிடம் சட்டம் இல்லை.

அமெரிக்க வாரியக் கூட்டங்களில் நடக்கும் கூச்சலையும் பார்த்திருக்கிறேன்; கொவிட் காலத்தில் முகக்கவசத்திற்காக நடந்த சண்டைகளைப் பார்த்தவர்கள் அப்படியொன்று இங்கே வேண்டும் என்று சொல்லமாட்டார்கள். எனக்கும் வேண்டாம். ஒரு மாணவனின் ஒழுங்கு நடவடிக்கையோ ஓர் ஆசிரியரின் பணி மதிப்பீடோ ஊர் வாயில் விழக் கூடாது. ஏலப்புள்ளி திறக்கும்வரை விலைகள் மூடியே இருக்க வேண்டும். ஆனால் ஓர் உணவுக் கடையை மூடுவதற்கான காரணத்தில் எந்தப் பிள்ளையின் அந்தரங்கம் அடங்கியிருக்கிறது?

உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பற்றித் தமிழ் நிகழ்ச்சிகளில் பேசாத மேடை இல்லை. பராந்தக சோழன் காலத்துக் குடவோலையை, பானையில் ஓலை போட்டு எடுத்த கதையாக மட்டும் சொல்லிவிட்டுக் கைதட்டு வாங்கி இறங்கிவிடுகிறோம். அதே கல்வெட்டில் இன்னொரு விதி இருக்கிறது: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்திற்குத் தகுதியற்றவர். அந்தச் சபை எல்லாருக்கும் திறந்த சபை அல்ல. நிலமுள்ள பிராமண ஆண்கள் தங்களுக்குள் நடத்திக்கொண்டது. அவர்களுக்கே கணக்குக் காட்டுதல் குழுவில் அமர்வதற்கான நிபந்தனையாக இருந்தது என்பதுதான் நான் மேடையில் கேட்க விரும்பும் பகுதி.

பள்ளிக்கு நான் அனுப்பிய மின்னஞ்சலில் வாக்குரிமை கேட்கவில்லை, முடிவை மாற்றவும் கேட்கவில்லை. புதிய கடைக்காரர் கிடைக்கவில்லை என்பது காரணமாக இருக்கலாம். நாள் முழுக்க நின்று சமைத்துக் குறைந்த லாபத்தில் விற்க ஆள் கிடைப்பது எவ்வளவு கடினம் என்று அந்த அம்மாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்படியென்றால் அதை ஒரு வரியில் எழுதியிருக்கலாமே. முடிவு எடுத்த நாள், எடுத்தவரின் பதவி, பரிசீலித்த மற்ற வழிகள், மறுபடி எப்போது இதைப் பார்ப்பார்கள் என்ற விவரம், இவ்வளவும் அரைப் பக்கத்தில் அடங்கும். பெயர்கூட வேண்டாம் என்று எழுதியிருந்தேன்.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. "தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டு, உரியவர்களின் கவனத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டுள்ளது." நன்றி தெரிவித்து மறுபடியும் எழுதியிருக்கிறேன். இம்முறை ஒரே ஒரு கேள்விதான்: அந்த உரியவர்கள் யார்?