காசு குடுத்தவர் அவசரமும் ஆஸ்பென் இருட்டும்

சின்ன பிளேன் எதாவது இறங்கும்போது விழுந்துச்சுன்னா போதும், டிவில உக்காந்து 'பைலட் தப்பு'ன்னு ரெண்டே வார்த்தைல ஃபைலை மூடிடுறாங்க. கேட்டாலே எரிச்சலா வருது. பைலட் மேல தப்பே இல்லன்னு சொல்ல வரல, ஆனா அந்தத் தப்பு பல சமயம் தரையிலயே, எவரோ ஒருத்தர் ஃபோன்ல கத்தும்போதே ஆரம்பிச்சிருது. 2001 மார்ச் 29, அமெரிக்கால கொலராடோ மாநிலத்துல ஆஸ்பென்ல நடந்த விபத்தோட விசாரணை அறிக்கைய படிச்சவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

ஆஸ்பென் வசதியானவங்க பனிச்சறுக்குக்குப் போற ஊரு. ஏர்போர்ட்டே கிட்டத்தட்ட 7,800 அடி உயரத்துல இருக்கு, சுத்தி மலை. அன்னிக்கு ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் 3 ஜெட்டை சார்ட்டர் எடுத்து, அதாவது மொத்தமா வாடகைக்குப் பிடிச்சு, லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து கிளம்புறாங்க, 15 பயணிங்க, 3 ஊழியர்கள். பயணிங்க வந்ததே லேட்டு, பிளேன் 41 நிமிஷம் தாமதமா ஏறுது. அதுல என்ன வினைன்னா, சத்தம் அதிகமான அந்த மாதிரி பழைய ஜெட்டு எல்லாம் ஆஸ்பென்ல சூரியன் மறைஞ்சு அரை மணி நேரத்துக்குள்ள இறங்கிரணும்னு அப்ப விதி இருந்துச்சு. அன்னிக்கு அது சாயங்காலம் 6:58. இவங்க போய்ச் சேர வேண்டிய நேரம் 6:46. கையில இருந்தது வெறும் 12 நிமிஷம்.

கேப்டன் முன்னாடியே சொல்லிட்டாரு, லேட்டானா ரைஃபிள்ங்கிற பக்கத்து ஊர்ல தான் இறங்கணும்னு. அங்கிருந்து கார்ல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்ளோதான். அதுக்கு சார்ட்டர் எடுத்தவருக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்து, பைலட் வாய மூடிக்கிட்டு இருக்கட்டும்ங்கிற தொனில கம்பெனிக்கு ஆள் விட்டு ஃபோன் போட்டு சொல்ல வச்சிருக்காரு. நம்மூர்ல ராத்திரி மழைல டிரைவர் பக்கத்துல உக்காந்து 'மிதி தம்பி, மிதி'ன்னு சொல்ற ஓனர் இருப்பாரே, அதே ஜாதி. கடைசி நேரத்துல ஒரு பயணி காக்பிட்லயே, பைலட்டுங்களுக்குப் பின்னாடி இருக்கிற ஜம்ப் சீட்ங்கிற கூடுதல் சீட்ல உக்காந்திருந்தாரு வேற. அந்த நிலமைல 'சார், முடியாது, ரைஃபிள் போறோம்'னு சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்?

இன்னொரு கூத்து. ரெண்டு நாள் முன்னாடி தான் ஆஸ்பென்ல இவங்க இறங்கப் போன இறங்குமுறைக்கு ராத்திரித் தடைன்னு, அமெரிக்க விமானப் போக்குவரத்தை நிர்வகிக்கிற எஃப்ஏஏ ஒரு அறிவிப்பு போட்டிருக்கு. ஆனா எழுதின விதம் குழப்பம், மொத்தமா தடையா, ரன்வேக்கு நேரா வராம சுத்தி வந்து இறங்குறதுக்கு மட்டுமான்னு தெளிவா இல்ல, அதைவிட ஆஸ்பென் ஏர்போர்ட் கண்ட்ரோல் டவருக்கு அந்தத் தகவலே போய்ச் சேரல!

அன்னிக்கு அங்க சூரியன் மறைஞ்சது 6:28. ஆனா பள்ளத்தாக்குல மலை நிழல் விழுந்தா இருட்டு சீக்கிரமே வந்துரும், மேல ஆகாசம் வெளுப்பா தெரியும், கீழ மலைச்சரிவு மட்டும் கரேல்னு இருக்கும், கூடவே லேசா பனி வேற கொட்டுது. முன்னாடி போன பிளேன் ரன்வே தெரியலன்னு திரும்பவும் மேல ஏறிப் போனதை இவங்களும் ரேடியோல கேட்டாங்க. கேட்டும் இறங்குறாங்க. ரன்வே தெரிஞ்சா தான் தாண்டலாம்னு ஒரு உயரம் இருக்கும்ல, அதுக்கும் கீழ போயிட்டாங்க. 7:01க்கு, ரன்வேக்கு 2,400 அடி முன்னாடியே மலைச்சரிவுல மோதி 18 பேரும் போயிட்டாங்க.

விபத்தை விசாரிச்ச அமெரிக்க அரசு அமைப்பான என்டிஎஸ்பியோட அறிக்கைல முதல் காரணம் பைலட்டுங்க தான். ஆனா அதுக்குத் துணை போன காரணங்கள்ல எஃப்ஏஏவோட குழப்பமான அறிவிப்பு, இருட்டு இதெல்லாம் கூட, கேப்டன் மேல வாடிக்கையாளர் குடுத்த நெருக்கடியையும் எழுதி வச்சிருக்காங்க. டிவிக்காரங்க இந்தப் பகுதிய தான் படிக்கிறதே இல்ல.

என்னைக் கேட்டா, வாடிக்கையாளர்கிட்ட மல்லுக்கட்டுற வேலைய பைலட் தலைல கட்டவே கூடாது. இத்தனை மணிக்குள்ள பிளேன் கிளம்பலைனா நேரா ரைஃபிள்தான்னு கம்பெனி புக்கிங் அப்பவே எழுதிக் கையெழுத்து வாங்கிரணும், கத்தணும்னா ஆபீஸ்ல வந்து கத்தட்டும். அந்த ஜம்ப் சீட்ல பயணிய உக்கார விடுறதையும் அடியோட நிறுத்தணும்.